கானமயிலை நேரில் பார்த்தவர்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

நானே தொடங்குகிறேன். போன பிப்ரவரியில் ஜெய்சல்மேர் போனேன். கோட்டை, ஒட்டகச் சவாரி எதற்கும் நேரம் ஒதுக்கவில்லை. கானமயிலை ஒருமுறையாவது பார்த்துவிட வேண்டும், அவ்வளவுதான். பெயரில் மயில் இருந்தாலும் இது மயில் இனமல்ல. ஒரு காலத்தில் நம் தமிழ்நாட்டுப் புல்வெளிகளிலும் நடமாடிய பறவை.

பாலைவன தேசியப் பூங்காவுக்குள் சுதாசரி என்ற இடத்தில் நாய், நரி நுழையாதபடி வேலி போட்டுப் புல்லை வளர விட்டிருக்கிறார்கள். முதல் நாள் சிங்காரா மான்களைத்தான் பார்த்தேன். இரண்டாம் நாள் வெயில் ஏறும் முன், கூட வந்த உள்ளூர்ப் பெரியவர் என் கையைப் பிடித்து நிறுத்தி, "கோடாவண்" என்றார். அங்கே அதுதான் பெயர். சேவண் புல்லுக்கு மேலே வெள்ளைக் கழுத்து மட்டும் தெரிந்தது. உச்சந்தலையில் கறுப்புத் தொப்பி. பிறகு நிதானமாக நடந்து வெட்டவெளிக்கு வந்தது. ஆண் பறவை, ஒரு மீட்டர் உயரம் இருக்கும். இந்த இனத்தில் ஆண்கள் 15 கிலோ வரைகூட வளரும்.

பத்து நிமிடம் கழித்து அது பறந்தது. அப்போதுதான் தூரத்தில் மின்கோபுர வரிசையைக் கவனித்தேன். பெரியவர் வாயே திறக்கவில்லை. அது கம்பிக்கு எட்டாத தூரத்திலேயே இறங்கியதும்தான் இருவருக்கும் மூச்சு வந்தது.

கண்கள் பக்கவாட்டில் இருப்பதால் கானமயிலுக்கு நேர் எதிரே இருப்பது சரியாகத் தெரியாது. கம்பி கண்ணில் படும்போது, அந்த எடையை வைத்துக்கொண்டு சட்டென்று திரும்பவும் முடியாது. தார் பாலைவனப் பகுதியில் மட்டும் ஆண்டுக்குச் சுமார் 18 கானமயில்கள் மின்கம்பிகளில் மோதிச் சாவதாக இந்திய வனவிலங்கு நிறுவனம் மதிப்பிட்டது. மொத்தமே 150க்குள் இருக்கும் பறவை. வெறும் தரையில், பெரும்பாலும் ஆண்டுக்கு ஒரே ஒரு முட்டை. கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

வனவிலங்குப் பாதுகாப்பு ஆர்வலர் எம்.கே. ரஞ்சித்சிங் தொடுத்த வழக்கில், 2021 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் கம்பிகளைப் பூமிக்கடியில் கொண்டுபோகச் சொன்னது. 2024 மார்ச்சில் அந்த உத்தரவைத் தளர்த்தி, நிபுணர் குழுவிடம் விட்டது. சூரிய மின்சாரம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கானமயில் முட்டையிடும் இடங்களிலாவது கம்பியைப் புதைத்தே ஆக வேண்டும்.

*

அண்ணா, எனக்குப் பறவைகளைப் பற்றி அதிகம் தெரியாது. பொக்ரான் பக்கம் ஒரு சூரிய மின் நிலையத்தில் இரண்டு வருடம் எலக்ட்ரிகல் வேலை பார்த்தேன். லைன் சோதிக்கப் போகும்போது கம்பிக்குக் கீழே செத்த பறவைகள் கிடக்கும். ஒருநாள் பெரிய பிணந்தின்னிக் கழுகு ஒன்று, இறக்கை முறிந்து உயிரோடு கிடந்தது. தண்ணீர் காட்டினேன், குடிக்கவில்லை. வனத்துறைக்குச் சொல்லி ஆள் வருவதற்குள் முடிந்துவிட்டது.

எங்கள் வரைபடத்தில் அந்த நிலம் முழுக்க 'தரிசு' என்றுதான் இருந்தது. பக்கத்து ஊர் ஆடு மேய்ப்பவர் அதை 'ஓரண்' என்பார். சாமிக்கு விட்ட மேய்ச்சல் காடு, ஒரு கேஜ்ரி மரக்கிளையைக்கூட வெட்ட மாட்டார்கள். அவர் சொன்ன பிறகுதான் நான் எந்த மண்ணில் நிற்கிறேன் என்றே தெரிந்தது. பிறகு எங்கள் லைனில் பறவை விலக்கிகள் மாட்டினோம். காற்றில் சுழன்று மினுக்கும் சின்னத் தகடுகள். சில கொஞ்ச நாளிலேயே உடைந்து விழுந்தன. மாட்டியதோடு விடக்கூடாது, பராமரிக்க ஆள் வேண்டும்.

*

நான் கானமயிலைப் பார்த்ததில்லை. அதன் சின்ன உறவுக்காரரான வரகுக்கோழியைப் பார்த்தேன், அதையும் சொல்லலாம்தானே?

ராஜஸ்தானில் அஜ்மீர் மாவட்டம், ஷோகலியா. ஆகஸ்ட் மாதம், மழை பெய்து ஓய்ந்த காலை. இடுப்புயரப் புல்லிலிருந்து கறுப்பாக ஒன்று பந்து மாதிரி எழும்பி, இறக்கையை அடித்துவிட்டு அதே இடத்தில் விழுந்தது. நான் பார்ப்பதற்குள் காணோம். மறுபடி எழும்பியது. பெண் பறவைக்குத் தன்னைக் காட்டிக்கொள்ளத்தான் இத்தனை குதியும். ஒரு நாளில் நூற்றுக்கணக்கான முறை குதிக்குமாம்.

அங்கே காடு என்று தனியாக இல்லை. பாசிப்பயறும் சோளமும் விதைத்த வயல்கள், நடுநடுவே புல்லுக்கு விட்ட துண்டு நிலங்கள், எல்லாம் தனியார் பட்டா. நாங்கள் நின்றதும் ஒரு அம்மாவின் நிலம்தான். புல்லறுக்க அரிவாளோடு வந்தவர், பறவை குதிப்பதைப் பார்த்துவிட்டு அந்த மூலையை விட்டு மறுகோடிக்குப் போய் அறுக்கத் தொடங்கினார். நாங்கள் எதுவும் கேட்கவில்லை.