பிள்ளைகள் ஏறி ஓட்டும் வண்டி வாங்க யோசனை வேண்டும் (சாட்ஸ்வொர்த், டர்பன், தென்னாப்பிரிக்கா)

எல்லாருக்கும் வணக்கம். சாட்ஸ்வொர்த்தில் தமிழ் வகுப்புக்கு வரும் 1 முதல் 8 வயதுப் பிள்ளைகளுக்கு வண்டிகள் வாங்கப் போகிறோம். சிமெண்ட் முற்றம், கேட் பக்கம் நல்ல சரிவு.

ஒரு வயதுக் குழந்தைகளுக்குக் காலால் உந்தும் நாலு சக்கர வண்டி போதும். 2, 3 வயதுக்குப் பெடல் இல்லாத பேலன்ஸ் பைக். இதற்கு வயதைவிடக் கால் அளவுதான் முக்கியம்: சுவரோரம் நிற்கவைத்து, கவட்டிலிருந்து தரைவரை அளந்து, சீட்டை அதைவிட 2 செ.மீ. தாழ்த்த வேண்டும். உயர்ந்தால் பாதம் படியாது, பிள்ளை சாய்ந்துவிடும்.

குழப்பமெல்லாம் பேட்டரி காரில்தான். வெறும் பிளாஸ்டிக் சக்கரம் ஈர சிமெண்டில் வழுக்கும். 6 வோல்ட் வண்டி மேட்டில் திணறி மோட்டார் சூடாகும். ஆகவே 12 வோல்ட், ரப்பர் பட்டைச் சக்கரம், பெரியவர் கையில் ரிமோட் என்று தேடுகிறோம். இந்த வண்டிகளில் வரும் லெட் ஆசிட் (ஈய அமில) பேட்டரியைச் சார்ஜ் இறங்கியபடியே டிசம்பர் விடுமுறை முழுக்கப் போட்டுவைத்தால் கெட்டுவிடும். அதனால் மாற்று பேட்டரி கிடைக்கும் வண்டியே வேண்டும்.

டர்பனில் பேட்டரியும் சார்ஜரும் தனியாக எங்கே கிடைக்கும்? 7, 8 வயதுக்காரர்களுக்கு, கடல் காற்றில் பேரிங் துருப்பிடிக்காத ஸ்கூட்டர் எது? சின்னத் தலைக்குப் பொருந்தும் ஹெல்மெட் வைத்திருக்கும் கடை தெரிந்தாலும் சொல்லுங்கள்.