கலைச்சொல் வேண்டுகோள்: வரைகலை அட்டை நொடிப்பொழுதில் அளவுமீறி மின்சாரம் இழுப்பதற்கு 'கண இழுவை' சரியா?

வணக்கம்.

> 'மின்னெழுச்சி' என்றே வைத்துவிடலாமே. எல்லாருக்கும் தெரிந்த சொல்தானே.

ஐயா, தெரிந்த சொல் என்பதுதான் இங்கே சிக்கல். மின்னெழுச்சி என்றால் ஈபி லைனில் வோல்டேஜ் ஏறி வருவது, இடி மின்னலின்போது வருவது. நாம் பெயர் தேடுவது எதிர்ப்பக்கத்தில் நடப்பதற்கு. லைனில் 230 வோல்ட் ஒழுங்காக வந்துகொண்டிருக்கும்போதே, பெட்டிக்குள் இருக்கும் வரைகலை அட்டை (கிராபிக்ஸ் கார்டு) தன் வழக்கமான அளவைப்போல் இரண்டு மூன்று மடங்கு இழுத்துவிட்டு அடங்கிவிடுகிறது.

இது வெறும் சொல் சண்டை இல்லை. நாலு ரோடு பக்கம் நாங்கள் கணினி பூட்டிக் கொடுக்கும் கடைக்கு, பென்னாகரத்திலிருந்து ஒருவர் மகனுடைய கணினியைத் தூக்கிக்கொண்டு வந்தார். விளையாட்டு சூடுபிடிக்கும் நேரத்தில் பட்டென்று அணைந்துவிடும். மின்வழங்கியின் (எஸ்எம்பிஎஸ்) பின்பக்க சுவிட்சை ஒருமுறை அணைத்துப் போட்டால்தான் மறுபடி உயிர் வரும். யாரோ 'பவர் ஸ்பைக்' என்று சொல்லியிருக்கிறார்கள். அவர் ஈபிக்காரர்களைத் திட்டிக்கொண்டே ஸ்டெபிலைசர் வாங்கி மாட்டிவிட்டார். வாங்கிய பிறகும் அணைந்துகொண்டுதான் இருந்தது.

உள்ளே இருந்தது 320 வாட் அட்டை, 750 வாட் பழைய மின்வழங்கி. சுவரில் வாட்மீட்டர் வைத்துப் பார்த்தால் 500-ஐக்கூடத் தொடவில்லை. தொடாது. மீட்டர் காட்டுவது சராசரி. இழுவை நிகழ்வது 100 மைக்ரோநொடிக்குள், அதாவது நொடியில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு. அட்டைகளுக்கான பிசிஐ எக்ஸ்பிரஸ் 5.0 விதியே அந்த நேரத்துக்கு மூன்று மடங்கு வரை அனுமதிக்கிறது. 320-க்கு மூன்று மடங்கு 960. அந்தப் பாய்ச்சலைப் பார்த்து மின்வழங்கியின் பாதுகாப்புச் சுற்று அணைத்துவிடுகிறது. பொருள் பழுதே இல்லை!

இதற்காகத்தான் இன்டெல் 2022-ல் கணினி மின்வழங்கிகளுக்கான ஏடிஎக்ஸ் 3.0 செந்தரத்தை வெளியிட்டது. 450 வாட்டுக்கு மேற்பட்ட, புதிய 16 முனை இணைப்பான் உள்ள மின்வழங்கி, தன் அளவைப்போல் 200 விழுக்காட்டை 100 மைக்ரோநொடியும், 180-ஐ 1 மில்லிநொடியும், 160-ஐ 10 மில்லிநொடியும், 120-ஐ 100 மில்லிநொடியும் அணையாமல் தாங்க வேண்டும். பெட்டியில் 80 பிளஸ் கோல்டு என்று போட்டிருப்பதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. அது எவ்வளவு மின்சாரம் வெப்பமாக வீணாகிறது என்பதைப் பற்றியது. கடையில் பாதிப் பேர் கோல்டைப் பார்த்து ஏமாறுகிறார்கள்.

சரி, சொல்லுக்கு வருவோம். 'திறன் உச்சம்' என்று ஒருவர் எழுதியிருந்தார். உச்சம் எவ்வளவு நேரம் நீடிக்கும் என்று அதில் தெரியாது. உச்ச நேரக் கட்டணம் வேறு நினைவுக்கு வரும். நம்மூரில் போர்வெல் மோட்டார் எடுக்கும்போது விளக்கு மங்கினால், 'மோட்டார் கரண்டை இழுக்குது' என்கிறார்கள். குற்றவாளி யார் என்று அந்த வினையே காட்டிவிடுகிறது. அதனால் 'இழுவை'. மோட்டார் தொடங்கும்போது மட்டும் அப்படி இழுக்கும். அட்டை ஓடும்போதெல்லாம் விட்டுவிட்டு இழுக்கும். ஆகவே 'தொடக்க இழுவை' பொருந்தாது, 'கண இழுவை' பொருந்தும். 'இழுப்பு' என்று சுருக்க வேண்டாம், டாக்டரிடம் அனுப்பிவிடுவார்கள்.

அட்டைக்கு மின்சாரம் கொடுக்கும் அந்த 16 முனை இணைப்பானுக்குத் தனியாக ஓர் இழை தொடங்கலாம். 600 வாட், 12 வோல்ட் என்றால் 50 ஆம்பியர். அதில் 12 வோல்ட் வரும் ஆறு முனைகளில் பிரிந்தாலும் ஒவ்வொன்றிலும் 8 ஆம்பியருக்கு மேல். அரைகுறையாகச் செருகினால் உருகும் என்பது வரை இப்போதைக்குப் போதும்.

தருமபுரியிலிருந்து

---

> அதனால் 'இழுவை'.

ஐயா, வணக்கம். ஓசூரிலிருந்து எழுதுகிறேன். பாலிடெக்னிக்கில் பாடம் எடுப்பவள் என்பதால் ஒரு தடை சொல்லியே ஆக வேண்டும்: கணிதத்தில் கணம் என்றால் வேறு, 'செட்'. இயற்பியலில் இழுவை விசையும் இருக்கிறது. இருந்தாலும் இரண்டும் சேர்ந்து நிற்கும்போது மாணவர்கள் குழம்பமாட்டார்கள் என்றே நினைக்கிறேன். வகுப்பில் சொல்லிப் பார்த்தேன், 'எதை இழுக்குது மேடம்?' என்று கேட்டான் ஒருவன். சரியான கேள்வி. முதன்முறை எழுதும்போது மட்டும் 'கண மின்னிழுவை' என்று முழுதாக எழுதிவிடலாம்.

அப்புறம், உடன் ஒரு சொல் வேண்டும். மின்சாரம் போன பிறகும் மின்வழங்கி தன் மின்தேக்கியில் உள்ளதை வைத்து ஓட்டும் நேரம். ஏடிஎக்ஸ் 3.1-ல் முழுச் சுமைக்கு அது 12 மில்லிநொடி. முன்பு நாம் பாடத்தில் சொன்ன 17 இல்லை. நம் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தின் ஒரு சுற்றே 20 மில்லிநொடி, அதைக்கூட முழுதாகத் தாண்டாது. வீட்டு இன்வெர்ட்டரில் கணினியை மாட்டியிருப்பவர்கள் அதன் சுவிட்சை 'யூபிஎஸ்' பக்கம் வைக்காவிட்டால், மின்வெட்டின்போது மாறுவதற்குள் கணினி அணைந்துவிடலாம். இதற்குத் 'தாங்குநேரம்' என்கிறேன். மாற்று இருந்தால் எழுதுங்கள். இல்லையென்றால் இரண்டையும் விக்சனரியில் ஏற்றிவிடுகிறேன்.