கரோல் கிங் பத்து வருஷம் ஏன் மற்றவர்களுக்கே எழுதிக்கொண்டிருந்தார்?

மழைநேரம்:

ஒரு தோழி சொல்லி ‘டேபஸ்ட்ரி’ ஆல்பத்தைக் கேட்க ஆரம்பித்தேன், இப்போது வீட்டில் ஓயாமல் அதுதான் ஓடுகிறது. 1971ல் வந்தது. அட்டையில் ஜன்னலோரம் வெறுங்காலோடு உட்கார்ந்திருக்கிறார், முன்னால் ஒரு பூனை. யாரோ புதுப் பாடகியின் முதல் முயற்சி மாதிரி ஒரு தோற்றம். ஆனால் தேடிப் பார்த்தால், அதற்குப் பத்து வருஷம் முன்பே இவர் மெட்டமைத்த பாட்டு அமெரிக்காவில் முதலிடத்துக்கு வந்திருக்கிறது! ஷிரெல்ஸ், டிரிஃப்டர்ஸ், அரிதா ஃபிராங்க்ளின் என்று எத்தனை பேர் இவர் பாட்டைப் பாடிப் பெயர் வாங்கியிருக்கிறார்கள்.

இப்படி ஒரு குரலை வைத்துக்கொண்டு 29 வயது வரை ஏன் பின்னாலேயே நின்றார்? கம்பெனிக்காரர்கள் விடவில்லையா, அவருக்கே விருப்பமில்லையா? அப்புறம், இதற்கு அடுத்து எதைக் கேட்கலாம் என்றும் சொல்லுங்கள்.

டிராக் பாடகி:

இதற்கு நான் பதில் எழுதாமல் போனால் எப்படி! எனக்கு டிராக் பாடுவதுதான் வேலை. பெரிய பாடகர் வருவதற்கு முன்னால், மெட்டு எப்படிப் போகிறது என்று காட்ட ஒருத்தர் பாடி வைப்பார் இல்லையா, அந்த ஆள் நான். அவர் வந்து பாடிவிட்டுப் போனதும் என் குரலை அழித்துவிடுவார்கள். கரோல் கிங் 1960களில் செய்த வேலையில் பாதி இதுதான். என்ன, அவர் பாடி வைத்த மெட்டு அவருடைய சொந்த மெட்டு.

நியூயார்க்கில் 1942ல் பிறந்தவர், வளர்ந்தது புரூக்ளினில். இயற்பெயர் கரோல் க்ளைன். குவீன்ஸ் காலேஜில் படிக்கும்போது ஜெரி காஃபினைச் சந்தித்தார், 17 வயதில் கல்யாணம், அடுத்த வருஷமே குழந்தை. காஃபினுக்குப் பகலில் ரசாயனக் கூடத்தில் வேலை. ராத்திரி இருவரும் பாட்டெழுதுவார்கள். பிராட்வேயில் 1650ஆம் எண் கட்டடத்தில் டான் கிர்ஷ்னரின் ஆல்டன் மியூசிக் என்ற பாட்டுப் பதிப்பு நிறுவனம் இருந்தது. சின்னச் சின்ன அறைகள், உள்ளே ஒரு பியானோ. சுவருக்கு அந்தப் பக்கம் இன்னொரு பாட்டெழுதும் ஜோடி, பேரி மேனும் சிந்தியா வைலும், தங்கள் பாட்டை அடித்துக்கொண்டிருப்பார்கள். ஷிரெல்ஸுக்குப் பாட்டு வேண்டும் என்று கேட்டபோது, கரோல் மெட்டை டேப்பில் பதிந்து, ஒரு சீட்டும் எழுதி வைத்துவிட்டு வெளியே போய்விட்டார். காஃபின் வேலை முடிந்து வந்து அதற்கு வரி எழுதினார். அதுதான் ‘வில் யூ லவ் மீ டுமாரோ’. 1961 ஜனவரியில் முதலிடம். அந்த ரெக்கார்டில் வரும் வயலின்களுக்கான அமைப்பும் கரோல் எழுதியதுதான். வயது 18!

பாட்டு முடிந்தால் டெமோ, அதாவது பாடப்போகிறவருக்குக் காட்ட ஒரு மாதிரிப் பதிவு. கரோலின் டெமோ என்றால் அந்த வட்டாரத்தில் தனி மரியாதை. பியானோ, பாட்டு, பின்குரல் எல்லாவற்றையும் அவரே போட்டுத் தந்துவிடுவார். வருகிறவர் அதைப் பார்த்து எழுதினாலே பாதி வேலை முடிந்தது. 1962ல் பாபி வீ என்ற பாடகருக்காக ஒரு டெமோ போட்டார், ‘இட் மைட் ஆஸ் வெல் ரெய்ன் அன்டில் செப்டம்பர்’ என்று. அதை அப்படியே கரோல் பெயரிலேயே வெளியிட்டார்கள். அமெரிக்காவில் 22ஆம் இடம், பிரிட்டனில் 3ஆம் இடம். ஆகவே பாட விடவில்லை என்று மொத்தமாகச் சொல்லிவிட முடியாது. ஆனால் அதற்குள் இரண்டாவது பெண் குழந்தையும் பிறந்திருந்தது. கைக்குழந்தையோடு ஊர் ஊராகப் போய்ப் பாடுவதைவிட, இருந்த இடத்தில் எழுதிக் கொடுத்தால் மாதம் ஓடிவிடும். இது என் கணிப்புதான், ஆனால் இரண்டு பிள்ளைகளை வளர்த்தவள் என்ற முறையில் இந்தக் கணிப்பை நான் விடமாட்டேன். அதே வருஷம் அவர்கள் வீட்டில் குழந்தையைப் பார்த்துக்கொண்ட பெண், லிட்டில் ஈவா, ‘லோகோமோஷன்’ பாடி முதலிடத்துக்குப் போனாள் என்பது வேறு கதை.

இன்னொன்று மேடை பயம். 1968ல் மணமுறிவு, இரண்டு மகள்களோடு லாஸ் ஏஞ்சலஸின் லாரல் கேன்யனுக்குக் குடிபோனார். அங்கே ‘தி சிட்டி’ என்று ஒரு குழு அமைத்து ஆல்பம் போட்டார். மேடையேறிப் பாட அவர் தயாராக இல்லை, ஆல்பமும் எடுபடவில்லை. அப்புறம் பாடகர் ஜேம்ஸ் டெய்லருக்குப் பியானோ வாசிக்கப் போனார். 1970ல் ஒரு நாள், அவர் படித்த அதே குவீன்ஸ் காலேஜ் மேடையில், டிரிஃப்டர்ஸுக்காக கரோல் மெட்டமைத்த ‘அப் ஆன் தி ரூஃப்’ பாட்டை இன்றைக்கு நீங்களே பாடுங்கள் என்று டெய்லர் கொஞ்சமும் அவகாசம் தராமல் சொல்லிவிட்டார். கூட்டத்துக்கு ஏற்கெனவே மனப்பாடமான பாட்டு. பாடினார்.

அடுத்த ஆள் தயாரிப்பாளர் லூ ஆட்லர். ஆல்டனின் மேற்குக் கரை அலுவலகத்தில் வேலை பார்த்தவர், கரோலின் டெமோக்களை வருஷக்கணக்காகக் கேட்டவர். ‘டேபஸ்ட்ரி’யில் அவர் கேட்டது அந்த டெமோவின் ஒலியைத்தான். பியானோவில் உட்கார்ந்து பாடும் கரோல் நம் அறையிலேயே இருப்பதுபோல் இருக்க வேண்டும், மற்ற வாத்தியங்கள் அதற்கு மேல் ஏறக் கூடாது. அந்தக் குரலில் ஒரு சொரசொரப்பு உண்டு, உச்சத்துக்குப் போனால் லேசாகக் கிழியும். வேறு யாராவது என்றால் மறுபடி எடுத்திருப்பார்கள். இங்கே அப்படியே விட்டிருக்கிறார்கள். எங்கள் தொழிலில் டிராக்கே ஆல்பமாக வந்தால் எப்படி இருக்கும் என்று யாராவது கேட்டால், இதைத்தான் போட்டுக் காட்டுவேன்.

வரிவரியாக:

டிராக் பாடகி அக்கா, எல்லாம் சரி, ஒன்று மட்டும் இடிக்கிறது. நாம் உருகி உருகிக் கேட்கும் ‘வில் யூ லவ் மீ டுமாரோ’, ‘நேச்சுரல் உமன்’ இரண்டுக்கும் வரிகள் காஃபினுடையவை. நாளைக்கும் என்னை விரும்புவாயா என்று ஒரு பெண் தவிப்பதை எழுதியவர் 21 வயது ஆண். ‘இட்ஸ் டூ லேட்’ டோனி ஸ்டெர்ன் எழுதியது. அப்படியிருக்க, தன் கதையைத் தானே பாடியவர் என்று இவரைத் தூக்கி வைப்பது கொஞ்சம் அதிகம் இல்லையா? தன் வரியைத் தானே எழுதிப் பாடும் ஜோனி மிட்செலைச் சொன்னால் மறுபேச்சு பேசமாட்டேன்.

டிராக் பாடகி:

‘டேபஸ்ட்ரி’யில் 12 பாட்டு. அதில் ஏழு அவர் தனியாக எழுதியவை. ‘ஸோ ஃபார் அவே’, ‘யூ ஹேவ் காட் எ ஃபிரெண்ட்’ எல்லாம் அந்த ஏழில் வரும். இரண்டாவதற்கு கிராமியில் ஆண்டின் சிறந்த பாடலுக்கான விருது கிடைத்தது, ஒரு பெண் அதை வாங்கியது அதுவே முதல்முறை. விழாவுக்கு அவர் போகவில்லை, சில மாதம் முன்புதான் மூன்றாவது மகள் பிறந்திருந்தாள். ஆக வரி எழுதத் தெரியாதவர் இல்லை.

ஆனால் நீங்கள் கேட்ட இரண்டு பாட்டும்தான் சுவாரசியமானவை. ‘நேச்சுரல் உமன்’ தலைப்பு அரிதாவின் தயாரிப்பாளர் ஜெரி வெக்ஸ்லர் கொடுத்தது. பிராட்வேயில் கார் ஜன்னலை இறக்கி, அரிதாவுக்கு இப்படி ஒரு பாட்டு வேண்டும் என்று கத்திவிட்டுப் போய்விட்டார். 1967ல் அரிதா பாடியபோது கொம்பு வாத்தியம், பின்குரல், எல்லாம் சேர்ந்து ஒரு கோயில் திருவிழா. ‘டேபஸ்ட்ரி’யில் கடைசிப் பாட்டாக வரும்போது பியானோ, பேஸ், அவ்வளவுதான். வரி, விட்டுப் பிரிந்த முதல் கணவருடையது. பேஸ் வாசிப்பவர் சார்ல்ஸ் லார்கி, இரண்டாவது கணவர்! இதைவிட ஒரு சொந்தக் கதை வேண்டுமா?

‘வில் யூ லவ் மீ டுமாரோ’ இரண்டையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். ஷிரெல்ஸ் துள்ளலாகப் பாடுவார்கள், கேள்வி கேட்கிற பெண்ணுக்கு நல்ல பதில் வரும் என்ற நம்பிக்கை இருக்கிறது. கரோல் அதை நன்றாக இழுத்து, வேகத்தைக் குறைத்துவிடுகிறார். ‘டுநைட் தி லைட்’ என்ற இடத்தைக் கவனியுங்கள். சி மேஜர் ஸ்கேலில் வாசித்தால் அங்கே ஈ மேஜர் கார்டு (சேர்த்து வாசிக்கும் ஸ்வரக் கூட்டு) வரும், எதிர்பார்க்காத ஸ்வரம் ஒன்று உள்ளே நுழையும். வேகமாகப் போகும்போது அது காதில் தைக்காது. மெதுவாகப் பாடும்போது அங்கே ஒரு சந்தேகம் எட்டிப் பார்க்கும். ஜோனியும் ஜேம்ஸ் டெய்லரும்தான் பின்குரல். மெட்டில் அந்த ஈ மேஜரை வைத்தவர் கரோல். வரி காஃபினுடையதாக இருக்கட்டும், அந்தத் தவிப்பில் பாதி மெட்டில்தான் இருக்கிறது.

ஜோனியா கரோலா என்ற பஞ்சாயத்துக்கு நான் வரவில்லை. ஏ அண்ட் எம் ஸ்டுடியோவில் இருவரும் ஒரே சமயத்தில் பதிவு செய்துகொண்டிருந்தார்கள். ஜோனியின் அறையில் இருந்த சிவப்பு மர ஸ்டெயின்வே பியானோ மீது கரோலுக்கு ஒரு கண். அந்த அறை காலியான நேரம் பார்த்து உள்ளே போய் ‘ஐ ஃபீல் தி எர்த் மூவ்’ பாட்டை எடுத்துவிட்டு வந்துவிட்டார்கள்.

காட்டுவழி:

1971க்குப் பிறகு என்ன ஆனார் என்பதையும் சேர்த்துக்கொள்ளலாம். ‘டேபஸ்ட்ரி’ அமெரிக்காவின் பில்போர்டு ஆல்பப் பட்டியலில் 15 வாரம் முதலிடத்தில் இருந்தது. அவ்வளவு பெரிய புகழை வைத்துக்கொண்டு, 1970களின் பிற்பாதியில் ஐடஹோ மலைப்பக்கம் போய்விட்டார். ஆடு கறந்தார், பிள்ளைகளுக்கு வீட்டிலேயே பாடம் சொல்லிக்கொடுத்தார். மூன்றாவது மணவாழ்க்கையில் அடி வாங்கியதை 2012ல் தன் சுயசரிதையில் மறைக்காமல் எழுதியிருக்கிறார். வடக்கு ராக்கி மலைக் காடுகளைக் காக்கும் சட்டத்துக்காக வாஷிங்டனில் பல வருஷம் அலைந்தார். கரோலைக் கௌரவித்த 2015 கென்னடி சென்டர் விழாவில் அரிதா பியானோவில் அமர்ந்து ‘நேச்சுரல் உமன்’ தொடங்கும்போது மாடத்தில் கரோலின் முகத்தைப் பாருங்கள், தலையில் கை வைத்துக்கொண்டு துள்ளுகிறார்.

அடுத்து கேட்க: முதலில் 1970ல் வந்த ‘ரைட்டர்’. பிறகு 1971 கடைசியில் வந்த ‘மியூசிக்’. 1974ன் ‘ஜாஸ்மேன்’ தனிப்பாட்டாகக் கேட்டால் போதும், அந்த ஆல்பம் எனக்கு அவ்வளவாக ஒட்டவில்லை. மேடை பயம் பற்றி அக்கா சொன்னதால் ஒன்று: 1973 மே மாதம் நியூயார்க் சென்ட்ரல் பார்க்கில் இலவசக் கச்சேரி, சுமார் ஒரு லட்சம் பேர். அந்தப் பதிவு 2023ல்தான் வெளியானது. முதல் பாதியில் குழுவே கிடையாது, அவரும் பியானோவும் மட்டும். அங்கிருந்து ஆரம்பித்தாலும் சரிதான்.