தளத்தை மாற்றினேன், வருகை சரிந்தது: உங்களுக்கும் நடந்திருந்தால் எழுதுங்கள்

பறவைக் குறிப்புத் தளம் நடத்துபவர்:

பறவைகளைப் பற்றிச் சிறிய தளம் ஒன்று வைத்திருக்கிறேன். பழைய தீமில் (தளத்தின் தோற்ற வடிவமைப்பில்), கைப்பேசியில் பார்த்தால் எழுத்து எறும்பு வரிசைபோலத் தெரியும். வாசகர்கள் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டார்கள். தளங்களின் கைப்பேசி வடிவத்தையே முதன்மையாக வாசிக்கும் முறைக்கு மாறி முடித்துவிட்டதாக 2023 அக்டோபரில் கூகுள் அறிவித்த பிறகு, இனியும் தள்ளிப்போட முடியாது என்று இறங்கினேன். ஓர் ஒத்திகைத் தளம் அமைத்து, இரண்டு மாதம் இழைத்து இழைத்துச் செய்து, ஒரு வெள்ளிக்கிழமை இரவு பழையதை இறக்கிவிட்டுப் புதியதை ஏற்றினேன். (வெள்ளிக்கிழமை இரவு. ஆமாம், தெரியும்.)

முதல் மூன்று நாள் ஒன்றும் தெரியவில்லை. நான்காம் நாள் வருகை சரியத் தொடங்கியது. சரிந்த விதம்தான் என்னைக் குழப்பியது. யாரும் எட்டிப் பார்க்காத பக்கங்கள் தேடலில் அப்படியே நின்றன. ஆந்தைகளைப் பற்றிய பக்கமும் கூடு கட்டுவதைப் பற்றிய பக்கமும், அதாவது என் தளத்தைத் தாங்கிக்கொண்டிருந்தவையே, முதலில் காணாமல் போயின. புதிய வடிவமைப்பு கூகுளுக்குப் பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்து, இரண்டு நாள் படங்களைச் சுருக்கிக்கொண்டும் எழுத்துருவை மாற்றிக்கொண்டும் இருந்தேன். வீண் வேலை.

கடைசியில் பக்கத்தின் மூல நிரலைத் திறந்து வரிவரியாகப் படித்தேன். பதினான்காம் வரியில் உட்கார்ந்திருந்தது: ‘நோஇண்டெக்ஸ்’, அதாவது இந்தப் பக்கத்தைத் தேடலில் சேர்க்காதே என்ற கட்டளை. அரைகுறை வேலை தேடலில் வந்துவிடக் கூடாது என்று ஒத்திகைத் தளத்தில் நானே போட்டது. தளத்தை நகலெடுத்தபோது அந்த அமைப்பும் கூடவே வந்துவிட்டது. கட்டடம் முடிந்து சாரத்தைப் பிரித்தவன், ‘வேலை நடக்கிறது, நுழையாதே’ பலகையை மட்டும் வாசலிலேயே விட்டுவிட்டான்.

நல்ல பக்கங்கள் முதலில் போனதன் காரணமும் அப்போதுதான் விளங்கியது. அடிக்கடி படிக்கப்படும் பக்கங்களுக்குத்தான் தளங்களைப் படித்துச் செல்லும் நிரலான கூகுள் பாட் அடிக்கடி வரும். வந்தது, பலகையைப் படித்தது, சொன்னபடி நீக்கிவிட்டது. மூலையில் கிடந்த பக்கங்களுக்கு அது இன்னும் வந்தே சேரவில்லை.

வரியை நீக்கிவிட்டேன். தளம் நடத்துபவர்களுக்குக் கூகுள் தரும் சர்ச் கன்சோலில், முக்கியமான பக்கங்களை மறுபடி இண்டெக்ஸ் செய்யும்படி, அதாவது தேடல் பட்டியலில் சேர்க்கும்படி, கோரிக்கை கொடுத்திருக்கிறேன். எவ்வளவு நாளில் திரும்பும்? இதை அனுபவித்தவர்கள் சொல்லுங்கள்.

பிறருக்குத் தளம் அமைத்துக் கொடுப்பவர்:

போன வரிசையிலேயே திரும்பும். அதிகம் படிக்கப்படுபவை சில நாளில் வந்துவிடும், மற்றவற்றுக்கு வாரக்கணக்கில் ஆகலாம். ஒன்றை மட்டும் இப்போதே பாருங்கள்: ஒத்திகைத் தளத்தின் ரோபோட்ஸ் கோப்பும் (பாட் எங்கே நுழையலாம், எங்கே கூடாது என்று சொல்லும் கோப்பு) கூடவே வந்திருக்கிறதா? அதில் தடை இருந்தால் பாட் பக்கத்துக்குள்ளேயே நுழையாது. நுழையாவிட்டால் நீங்கள் நோஇண்டெக்ஸை எடுத்துவிட்டீர்கள் என்பதும் அதற்குத் தெரியப்போவதில்லை. இந்த இரண்டையும் ஒன்றென்று நினைப்பவர்கள் நிறையப் பேர். ரோபோட்ஸ் கோப்பிலேயே நோஇண்டெக்ஸ் என்று எழுதிவைத்துக்கொண்டு நிம்மதியாக இருப்பவர்களும் உண்டு. கூகுள் அதை 2019 செப்டம்பரிலிருந்து பொருட்படுத்துவதில்லை.

என்னிடம் வந்த தளங்களில் ஒன்றைச் சொல்கிறேன். நூற்றுக்கணக்கான கட்டுரைகள் கொண்ட தளம். பழைய வடிவத்தில் கீழே 1, 2, 3 என்று பக்க எண்கள் இருந்தன. புதிதாகச் செய்தவர் அழகுக்காக அவற்றை எடுத்துவிட்டு ‘மேலும் காட்டு’ என்று ஒரு பொத்தான் வைத்தார். மனிதர்கள் அழுத்துவார்கள், பாட் அழுத்தாது. அது இணைப்புகளைப் பிடித்துக்கொண்டுதான் நடக்கும். முதல் இருபது கட்டுரைகளுக்குப் பின்னால் இருந்தவை எல்லாம் தளத்துக்குள்ளேயே அநாதையாகிவிட்டன. பக்கங்கள் இருந்தன, முகவரிகள் மாறவில்லை, ஓர் எழுத்தும் குறையவில்லை. ஆனாலும் தரவரிசை மாதாமாதம் தேய்ந்துகொண்டே வந்தது. பொத்தானுக்குப் பின்னால் உண்மையான இணைப்பு ஒன்றை வைத்ததும் தேய்வது நின்றது.

இலக்கணத் தளம் நடத்துபவர்:

என் கதை தமிழில் தளம் வைத்திருப்பவர்களுக்கு உதவும் என்று நினைக்கிறேன். சற்று நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

தமிழ்த் தலைப்பையே முகவரியாகவும் வைப்பது என் வழக்கம். பார்ப்பதற்கு அழகாக இருக்கும். உள்ளே அது வேறு வடிவம். ஒவ்வொரு தமிழ்க் குறியும் கணினி எழுத்துகளைச் சேமிக்கும் யூனிகோடு யுடிஎஃப்-8 முறையில் மூன்று பைட். முகவரியில் ஒவ்வொரு பைட்டும் ஒரு சதவீதக் குறியும் இரண்டு எழுத்துகளுமாக மாறும். ஆக ஒரு குறிக்கு ஒன்பது இடம். ‘தமிழ்’ என்ற சொல்லில் த, ம, இகரக் கொம்பு, ழ, புள்ளி என்று ஐந்து குறிகள் இருப்பதால் 45 இடம் பிடிக்கிறது.

நான் வைத்திருந்த பழைய மென்பொருள் முகவரியை 200 இடத்தோடு வெட்டிவிடும். இத்தனை ஆண்டும் எனக்கு இது தெரியாது. தளத்தை வேறு மென்பொருளுக்கு மாற்றியபோது, பழைய முகவரியிலிருந்து புதியதற்கு 301 ரீடைரெக்ட் (பக்கம் நிரந்தரமாக இடம் மாறிவிட்டது என்று சொல்லி, வருபவரைப் புதிய முகவரிக்கு அனுப்பும் ஏற்பாடு) போட வேண்டும் என்பது மட்டும் தெரிந்திருந்தது. அதற்காக ஒரு பட்டியல் தயாரித்தேன். எதை வைத்து? கட்டுரைத் தலைப்புகளை வைத்து. அங்கேதான் தவறு.

மாற்றிய இரண்டு வாரத்தில் வருகை பாதிக்கும் கீழே போயிற்று. ஆனால் எல்லாப் பக்கமும் விழவில்லை. ‘எச்சம்’, ‘ஆகுபெயர்’, ‘வேற்றுமை உருபுகள்’ எல்லாம் பழைய இடத்திலேயே இருந்தன. விழுந்தவற்றுக்குள் என்ன ஒற்றுமை என்று பல நாள் தேடினேன். பொருளில் ஒற்றுமை இல்லை, எழுதிய ஆண்டில் இல்லை. தற்செயலாகத் தலைப்பின் நீளப்படி அடுக்கிப் பார்த்தபோதுதான் கண்ணில் பட்டது: நீளமான தலைப்புகள் அத்தனையும் விழுந்திருந்தன.

‘வல்லினம் மிகும் இடங்கள் மிகா இடங்கள்’ என்பது என் தளத்தில் அதிகம் படிக்கப்பட்ட கட்டுரை. முதல் மூன்று சொற்களும், முகவரியில் இடைவெளிக்குப் பதிலாக வரும் இரண்டு கோடுகளும் சேர்ந்து 191 இடம். அடுத்த கோட்டோடு 192. ‘மிகா’வின் மகரத்துக்கு ஒன்பது இடம் வேண்டும், எட்டுதான் மிச்சம். மென்பொருள் அதோடு கத்தியைப் போட்டுவிட்டது. இத்தனை ஆண்டும் தேடுபொறிக்குத் தெரிந்த முகவரி ‘வல்லினம்-மிகும்-இடங்கள்’ மட்டும்தான். என் பட்டியலிலோ முழுத் தலைப்பு இருந்தது. இல்லவே இல்லாத முகவரிகளிலிருந்து அக்கறையாக ரீடைரெக்ட் போட்டு வைத்திருக்கிறேன். உண்மையான பழைய முகவரிக்கு வந்தவர்களெல்லாம் ‘பக்கம் இல்லை’ என்னும் 404 பார்த்துவிட்டுத் திரும்பினார்கள்.

பதற்றத்தில் இன்னொரு தவறும் செய்தேன். பொருந்தாத முகவரி எது வந்தாலும் முகப்புக்கு அனுப்பு என்று ஒரே வரியில் எழுதினேன். வாசகருக்கும் எரிச்சல், கூகுளுக்கும் பயனில்லை. அப்படி முகப்பில் கொண்டுபோய்க் கொட்டுவதை அது ‘மென் 404’ என்றுதான் எடுத்துக்கொள்கிறது. பக்கம் இல்லை என்பதுதான் அதற்குப் பொருள்.

சரிசெய்த வழி சலிப்பானது. சர்ச் கன்சோலில் 16 மாதத் தரவு கிடைக்கும்; அதிலிருந்தும் சர்வர் பதிவிலிருந்தும் உண்மையில் யாரோ வந்த முகவரிகளை மட்டும் எடுத்தேன். ஒவ்வொன்றையும் அதன் புதிய பக்கத்தோடு நானே பொருத்தினேன். நிரல் எழுதிச் செய்திருக்கலாம். நிரல் எழுதித்தானே இந்த நிலைக்கு வந்தேன் என்ற கோபம்.

புதிர் விளையாட்டுத் தளம் நடத்துபவர்:

எனக்கு நேர்ந்தது சிறியது. தீமை மாற்றிய மறுநாள், வாசகர்களை எண்ணிக் காட்டும் அனலிட்டிக்ஸில் வருகை ஏறக்குறையப் பூச்சியம். கைகால் நடுங்கிவிட்டது. சர்ச் கன்சோலைப் பார்த்தால் கிளிக்குகள் எப்போதும்போல. வாசகர்கள் வந்துகொண்டுதான் இருந்தார்கள். எண்ணுகிற நிரல்துண்டு பழைய தீமோடு போய்விட்டிருந்தது. அவ்வளவுதான்.

புத்தக மதிப்புரைத் தளம் நடத்துபவர்:

உங்கள் எல்லோருக்கும் காரணமாவது கிடைத்தது. எனக்கு அதுவும் இல்லை. 2024 மார்ச் இரண்டாம் வாரத்தில் எல்லாப் பக்கங்களின் தலைப்புகளையும் சுருக்கினேன். நீளமாக இருந்தால் தேடல் முடிவில் பாதிதான் தெரியும் என்று எங்கோ படித்திருந்தேன். மாதக் கடைசிக்குள் நல்ல சரிவு. பழைய தலைப்புகளைத் திருப்பி வைத்தேன், மாற்றமில்லை. பிறகுதான் தெரிந்தது, கூகுளின் மையப் புதுப்பிப்பு (தேடல் தரவரிசை முறையில் செய்யும் பரவலான மாற்றம்) மார்ச் 5 அன்று தொடங்கி 45 நாள் ஓடியிருக்கிறது. நான் அதன் நடுவில் புகுந்து கைவைத்திருக்கிறேன். சரிவு தலைப்பால் வந்ததா, புதுப்பிப்பால் வந்ததா, இரண்டாலுமா? இன்றுவரை எனக்குத் தெரியாது. திருப்பி வைத்ததும் அதே ஓட்டத்துக்குள்தான் என்பதால், அதிலிருந்தும் எதையும் கற்றுக்கொள்ள முடியவில்லை.

இப்போது ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதிவைக்கிறேன், இன்று எந்தப் பக்கத்தில் எதைத் தொட்டேன் என்று. கணினியில் அல்ல, காகிதத்தில். கணினியில் எழுதிய குறிப்பைத் தளம் மாற்றியபோதே தொலைத்துவிட்டேன் என்பதை இங்கே ஒப்புக்கொள்வதில் வெட்கமில்லை.

பறவைக் குறிப்புத் தளம் நடத்துபவர்:

ஐந்து வாரம் கழித்து எழுதுகிறேன். ரோபோட்ஸ் கோப்பில் தடை இல்லை. ஆந்தைப் பக்கம் நான்காம் நாளே திரும்பிவிட்டது, அதுவும் ஏறக்குறைய பழைய இடத்துக்கே. கூடு கட்டும் பக்கம் இரண்டாம் வாரத்தில். தாமதமாக மறைந்த சில பக்கங்களை இன்னும் காணவில்லை. காத்திருக்கிறேன், வேறு எதையும் தொடவில்லை, கை துறுதுறுக்கிறது.

இலக்கணத் தளத்துக்காரரிடம் ஒரு கேள்வி. வெட்டுப்பட்ட பழைய முகவரிகளின் ரீடைரெக்டை எப்போது எடுக்கப்போகிறீர்கள்?

இலக்கணத் தளம் நடத்துபவர்:

குறைந்தது ஓராண்டாவது வைத்திருக்கச் சொல்கிறது கூகுள். எனக்கு ஓராண்டு எப்போதோ முடிந்துவிட்டது, எடுக்கவில்லை. நேற்றைய சர்வர் பதிவில்கூட நான்கு பேர் ‘வல்லினம்-மிகும்-இடங்கள்’ வழியாக வந்து, மிகா இடங்களையும் படித்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.