கேபிள் பாக்ஸ்ல இருந்து கம்ப்யூட்டர்ல ரெக்கார்ட் பண்ணணும்: மஞ்ச ஒயரா, எச்டிஎம்ஐயா?

ஆனையூர் முத்து:
வணக்கம் மக்களே, ஒரு உதவி வேணும். எங்க வீட்ல டெஸ்க்டாப் இருக்கு, விண்டோஸ் 10. கேபிள் பாக்ஸ் சாதா எஸ்டி (எச்டி இல்லாத, தெளிவு கம்மி) பாக்ஸ்தான், 2017ல அரசு கேபிள்ல இலவசமா குடுத்தாங்கள்ல, அந்த டைப். பங்குனிப் பொங்கலுக்கு எங்க ஏரியா அம்மன் கோயில் முளைப்பாரியையும் அக்கினிச்சட்டியையும் லோக்கல் கேபிள் சேனல்ல ராத்திரி பூரா லைவ் ஓட்டுவாங்க. இந்த வருசம் எங்கப்பா சட்டி எடுக்குறாரு. தங்கச்சி மஸ்கட்ல இருக்கா, லீவு கிடைக்கல, போன்ல அழுகுறா. அவளுக்காக அந்த லைவ முழுசா ரெக்கார்ட் பண்ணி அனுப்பணும். நாங்க எல்லாரும் அப்பா கூட நடந்து போயிருவோம், வீட்ல ஆள் இருக்காது, கம்ப்யூட்டர் பாட்டுக்கு ஓடணும். பரண்ல பழைய டிவி ட்யூனர் கார்டு (கம்ப்யூட்டர்ல டிவி பாக்க மாட்டுறது) ஒண்ணு கிடக்கு, கேபிளை நேரா அதுல சொருகுனா வருமா? இல்ல, கம்ப்யூட்டர்ல மானிட்டர் மாட்டுற எச்டிஎம்ஐ ஓட்டைல குடுத்தா போதும்னு பக்கத்து வீட்டு அண்ணன் சொல்றாரு, அது சரியா?

வைகை வடகரை:
தம்பி, இந்தக் காலத்துல பாக்ஸையும் கம்ப்யூட்டரையும் எதுக்குக் கட்டிப் புடிச்சிகிட்டு அலையுறீங்க? அழகர் ஆத்துல இறங்குறதுல இருந்து அலங்காநல்லூர் ஜல்லிக்கட்டு வரைக்கும் எல்லாம் யூட்யூப்ல லைவா வருது. சீரியல் வேணும்னா ஆப்ல இருக்கு. உங்க கோயில் லைவும் எவனாவது போட்டுருப்பான், தேடிப் பாருங்க. இல்லன்னா ஒரு பென்டிரைவை எடுத்துகிட்டு கேபிள் ஆபீசுக்கு நேரா போயி அண்ணே காப்பி குடுங்கன்னு கேளுங்க, அம்புட்டுதான் வேலை.

ஆனையூர் முத்து:
அண்ணே, கேட்டாச்சுண்ணே. கேமராவுல இருந்து நேரா சேனல்ல ஓட்டுறாங்க, சேவ் பண்றதில்லயாம். எங்க கோயில் திருவிழாவ யூட்யூப்ல யாரும் போடல. சின்ன கோயில், நாலு தெரு சனம் கும்புடுறது. லோக்கல் கேபிள விட்டா வேற எங்கயும் வராது.

டவுன்ஹால் ரோடு சர்வீஸ்:
முத்து தம்பி, உங்க கேள்வி நியாயமானது, ஒண்ணொண்ணா சொல்றேன். கம்ப்யூட்டர்ல இருக்குற எச்டிஎம்ஐ வெளிய அனுப்புற ஓட்டை, உள்ள வாங்காது. அதுல பாக்ஸை சொருகுனா ரெண்டு பக்கமும் அனுப்பத்தான் பாக்கும், ஸ்கிரீன்ல ஒண்ணும் தெரியாது. வாரத்துக்கு ஒருத்தராவது இதே கேள்வியோட கடைக்கு வர்றாங்க.

ட்யூனர் கார்டுல கேபிளை நேரா குடுத்தாலும் வராது. அந்தக் கார்டு டிஜிட்டலுக்கு முந்துன அனலாக் சிக்னல் காலத்துது. கேபிள் சட்டத்துல 2011ல திருத்தம் கொண்டு வந்து நாலு கட்டமா டிஜிட்டல் ஆக்குனாங்க, கடைசிக் கட்டத்துக்குக் கெடு 2017 மார்ச் 31. இப்ப ஒயர்ல வர்றது பூட்டுப் போட்ட டிஜிட்டல் சிக்னல், பூட்டைத் திறக்குறது பாக்ஸுக்குள்ள. டிஜிட்டல் ட்யூனரே வாங்கிப் போட்டாலும் சேனல் பேரு வரும், படம் வராது. ஆனா கார்டைத் தூக்கிப் போட்டுறாதீங்க, பின்னாடி மஞ்சக் கலர் ஏவி இன்புட் (படத்தை உள்ள வாங்குற ஓட்டை) இருந்தா அது வழியா பாக்ஸ் படத்தை வாங்கலாம், விண்டோஸ் 10க்கு டிரைவர் (கார்டை ஓட வைக்குற சாஃப்ட்வேர்) கிடைக்குதான்னு மட்டும் பாருங்க.

டிரைவர் இல்லன்னா யூஎஸ்பி ஏவி கேப்சர்னு கேளுங்க, பாக்ஸ் படத்தை யூஎஸ்பி வழியா கம்ப்யூட்டருக்குள்ள வாங்குற ஸ்டிக், சின்னதா வரும், விலையும் கம்மிதான். பாக்ஸ் பின்னாடி மஞ்சள், சிவப்பு, வெள்ளை மூணு ஓட்டை இருக்கும், மூணையும் அப்படியே கலருக்குக் கலர் சொருகுங்க. சில பாக்ஸ்ல மூணு ஓட்டைக்குப் பதிலா ஹெட்போன் ஓட்டை மாதிரி ஒண்ணே ஒண்ணு இருக்கும், அதுக்கு நாலு பட்டை உள்ள பின் ஒயர் வேணும். அந்த ஒயர்ல கம்பெனிக்கு கம்பெனி உள் கனெக்சன் மாறும், மஞ்சள்ல படம் வரலைன்னா சிவப்பையோ வெள்ளையையோ மஞ்ச ஓட்டைல சொருகிப் பாருங்க, படம் அங்கிட்டு ஒளிஞ்சிருக்கும்.

கேகே நகர் பிரபு:
2017 பாக்ஸும் மஞ்ச ஒயரும் வச்சு ரெக்கார்ட் பண்ணி ஒரு தங்கச்சிக்கு அனுப்புறதா? அவ அங்க பெரிய டிவில போட்டா எல்லாம் மங்கலாத்தான் தெரியும். ஏவியில வர்றது 720க்கு 576, அதுவும் ஒத்தைப் படை ரெட்டைப் படைன்னு கோடு கோடா பிரிச்சு அனுப்புற இன்டர்லேஸ். ஆள் வேகமா நகர்ந்தா ஓரமெல்லாம் சீப்புப் பல்லு மாதிரி தெரியும். ராத்திரில தீச்சட்டி ஆடுறத அதுல பாத்தா நாசமா இருக்கும். ஆபரேட்டர்ட்ட சொல்லி எச்டி பாக்ஸா மாத்துங்க, எச்டிஎம்ஐ கேப்சர் ஸ்டிக் சல்லிசாவே கிடைக்குது, ஒரே ஒயர்ல படமும் சவுண்டும் வந்துரும், இரைச்சல் கிடையாது. இதுதான் சரியான வழி.

டவுன்ஹால் ரோடு சர்வீஸ்:
பிரபு சார், நீங்க சொல்ற மங்கல் எச்டி சேனலுக்குப் பொருந்தும், ஒத்துக்குறேன். ஆனா இந்தத் தம்பி ரெக்கார்ட் பண்ணப் போறது லோக்கல் சேனல். அது கேபிள் ஆபீஸ்ல இருந்து கிளம்பும்போதே எஸ்டி. எச்டி பாக்ஸ் அத பெருசாக்கி 1080னு அனுப்பும், ஆனா இல்லாத டீடெய்லை எங்க இருந்து கொண்டு வரும்? மேல காசு செலவு பண்ணி தம்பிக்கு என்ன லாபம்? இன்னொண்ணு, நிறைய எச்டி பாக்ஸ்ல எச்டிசிபினு பூட்டு இருக்கும், கேப்சர் ஸ்டிக்கைப் பாத்ததும் படத்தை அனுப்ப மாட்டேங்கும், கருப்பு ஸ்கிரீன்தான். டிவிலயும் மானிட்டர்லயும் நல்லா ஓடுற பாக்ஸ் ஸ்டிக்ல மட்டும் ஓடாதுன்னா காரணம் இதுதான். திருவிழா அன்னைக்கு ராத்திரி அது தெரிஞ்சா என்ன பண்ணுவாரு?

கேகே நகர் பிரபு:
எச்டிசிபிக்கா பயப்படுறீங்க, நடுவுல ஒரு ஸ்ப்ளிட்டர் (ஒரு சிக்னலை ரெண்டா பிரிக்குற பெட்டி) போட்டா சிலதுல பூட்டு போயிரும், எல்லாரும் பண்றதுதான். எஸ்டி சேனலா இருந்தாலும் எச்டிஎம்ஐ நல்லதுன்னு நான் சொல்றதுக்குக் காரணம் இருக்கு. மஞ்ச ஒயர்ல போனா பாக்ஸ் டிஜிட்டல அனலாக் ஆக்கும், ஸ்டிக் திரும்ப டிஜிட்டல் ஆக்கும், ரெண்டு தடவ மாறும்போது கலர் கரையும். சிவப்பு சேலை ஓரமெல்லாம் வழிஞ்ச மாதிரி தெரியும். எச்டிஎம்ஐல அது கிடையாது.

மேலூர் செல்வி:
ஸ்ப்ளிட்டர் விசயத்துல ஒரு நிமிசம். 1957 பதிப்புரிமைச் சட்டத்துல 2012ல 65ஏனு ஒரு பிரிவு சேத்தாங்க. உரிமைய மீறுற எண்ணத்தோட இந்த மாதிரி பூட்டை உடைச்சா ரெண்டு வருசம் வரைக்கும் ஜெயிலும் அபராதமும். எல்லாரும் பண்றாங்கன்னு சொல்றது காரணமாகாது. அதே சட்டத்துல 39ஆவது பிரிவு, ஒளிபரப்புறதை சொந்த உபயோகத்துக்கு ரெக்கார்ட் பண்ணிக்கிட்டா ஒளிபரப்பு உரிமைய மீறுனதா ஆகாதுன்னும் சொல்லுது. அதுனால முத்து அண்ணன் சொந்தத்துக்கு ரெக்கார்ட் பண்ணலாம், தங்கச்சியோட நிறுத்திக்குங்க, யூட்யூப்ல ஏத்தாதீங்க. மஞ்ச ஒயர்ல போனா பூட்டு பேச்சே வரல.

கேகே நகர் பிரபு:
செல்வி அக்கா, நீங்களே சொல்றீங்க மீறுற எண்ணத்தோடன்னு. அப்பா சட்டி எடுக்குறத மகளுக்கு அனுப்புறதுல என்ன மீறல் எண்ணம் இருக்கு? பாதிப் பிரிவைப் படிச்சு ஆளுகளைப் பயமுறுத்தாதீங்க.

மேலூர் செல்வி:
முழுசாப் படிச்சுத்தான் சொல்றேன் தம்பி. அந்த ஸ்ப்ளிட்டர் அவர் வீட்லயே இருக்கும், நாளைக்குப் புதுப்படம் ஓடும்போதும் கையில இருக்கும். தேவையில்லாத இடத்துல எதுக்கு அத வாங்கச் சொல்றீங்க?

வைகை வடகரை:
இம்புட்டு சண்டை எதுக்கு? சில பாக்ஸ்ல முன்னாடி யூஎஸ்பி ஓட்டை இருக்கு. பென்டிரைவை சொருகி ரிமோட்ல ரெக்கார்ட் அமுக்குனா வேலை முடிஞ்சது. கம்ப்யூட்டரே வேணாம்.

டவுன்ஹால் ரோடு சர்வீஸ்:
ரெக்கார்ட் ஆகும்ண்ணே, ஆனா அந்த ஃபைல் அந்த பாக்ஸ்ல மட்டும்தான் ஓடும். பூட்டோடயே சேவ் பண்ணிருக்கும், கம்ப்யூட்டர்ல போட்டா திறக்காது, மஸ்கட்டுக்கு அனுப்பி என்ன பண்றது? தனக்குத்தானே பாத்துக்குற ஆளுக்கு அது சரி, இவருக்கு ஆகாது.

தம்பி முத்து, ஒண்ணு கட்டாயம் கவனிங்க, சர்வீஸ்ல தினமும் பாக்குறேன். பாக்ஸ் அடாப்டர் ரெண்டு பின்தான், எர்த் கிடையாது. தெருக் கம்பத்துல இருந்து வர்ற கோஆக்ஸ் ஒயரோட வெளிப்பக்க வலைல லேசா கரன்ட் இருக்கும், கம்ப்யூட்டர் கேபினட்டத் தொட்டுகிட்டு அந்த ஸ்க்ரூவத் தொட்டா சுருக்குனு இழுக்கும். ரெண்டையும் ஆஃப் பண்ணிட்டு ஒயர் எல்லாம் மாட்டுங்க, அப்புறம் ஆன் பண்ணுங்க. கம்ப்யூட்டர் பிளக் மூணு பின்தானா, எர்த் உண்மையிலேயே வேலை செய்யுதான்னு பாருங்க. படத்துல பட்டை பட்டையா கோடு மேல ஏறுச்சுன்னா, இல்ல சவுண்டுல உம்முனு சத்தம் வந்துச்சுன்னா, அது இந்த எர்த் கோளாறுதான், ரெண்டையும் ஒரே எக்ஸ்டென்சன் பாக்ஸ்ல மாட்டுனா சில சமயம் போயிரும். பங்குனில கோடை மழை இடியோட வரும். கம்பத்துல அடிக்கிற இடி கோஆக்ஸ் வழியா பாக்ஸுக்கு வந்து, மஞ்ச ஒயர் வழியா கம்ப்யூட்டருக்கும் போகும். மதர்போர்டு போனதுக்கு அப்புறம் கொண்டு வர்றாங்க, என்னால ஒண்ணும் பண்ண முடியாது. வானம் இருட்டுனா கோஆக்ஸைக் கழட்டிப் போட்டுருங்க.

கேகே நகர் பிரபு:
சர்வீஸ் அண்ணன் இடி விசயத்துல சொன்னது நூத்துக்கு நூறு உண்மை, எச்டிஎம்ஐ போட்டாலும் அதே ஆபத்துதான். ஆனா வீட்ல ஆள் இல்லாம ராத்திரி பூரா ஓடப் போகுதே, யாரு கழட்டுறது? திண்ணைல பக்கத்து வீட்டு ஆள் யாரையாவது சொல்லி வைங்க முத்து.

ஆனையூர் முத்து:
எங்க அத்தை வீட்லதான் இருப்பாங்க, முட்டி வலி, நடக்க முடியாது. கழட்டச் சொல்லிக் குடுத்துருவேன். எல்லாருக்கும் நன்றி. பாக்ஸை மாத்துற அளவுக்கு இப்ப நேரம் இல்ல, பிரபு அண்ணே கோவிச்சுக்காதீங்க, ஏவி கேப்சர் வாங்கியாச்சு. டிரைவர் போட்டு ஓபிஎஸ்ல (ரெக்கார்ட் பண்ற சாஃப்ட்வேர்) திறந்தா படம் கருப்பு வெள்ளையா வருது, மேல கீழ உருளுது. சவுண்டும் இல்ல. ஸ்டிக்கே கோளாறா?

மேலூர் செல்வி:
ஸ்டிக் நல்லாத்தான் இருக்கும் அண்ணே. அது அமெரிக்க டிவி முறையான என்டிஎஸ்சில செட் ஆகி வந்துருக்கு, நம்ம ஊரு டிவி முறை பிஏஎல். ஓபிஎஸ்ல அந்த சோர்ஸ் (ஸ்டிக்ல இருந்து வர்ற படம்) மேல ரைட் கிளிக் பண்ணி ப்ராப்பர்ட்டீஸ் போங்க, கன்ஃபிகர் வீடியோனு பட்டன் இருக்கும், அதுக்குள்ள வீடியோ ஸ்டாண்டர்ட்ல பிஏஎல் பினு மாத்துங்க. ரெசல்யூசன் கஸ்டம் போட்டு 720x576, நொடிக்கு ஃப்ரேம் 25. சவுண்டுக்கு அந்த ஸ்டிக் மைக் மாதிரி தனியாத் தெரியும், ஆடியோ இன்புட் சோர்ஸா அதைத் தேர்ந்தெடுங்க. கேன்வாஸ் (ரெக்கார்ட் ஆகுற படத்தோட சைசு) 768x576 வச்சு, படத்தை அது நிறைய இழுத்து விடுங்க, இல்லன்னா ஆளுக எல்லாம் ஒல்லியாத் தெரிவாங்க.

 

ஆனையூர் முத்து:
அக்கா, கலர் வந்துருச்சு!! சவுண்டும் வருது. இப்ப சன் நியூஸ் ஓடுது, நல்லா இருக்கு. பிரபு அண்ணன் சொன்ன அந்த சீப்புப் பல்லு மட்டும் தெரியுது, கீழ ஓடுற எழுத்துல ரொம்ப.

கேகே நகர் பிரபு:
சொன்னேன்ல. சரி, சோர்ஸ் மேல ரைட் கிளிக், டீஇன்டர்லேசிங் (பிரிஞ்ச கோடுகளை ஒண்ணு சேக்குறது), அதுல யாடிஃப் 2எக்ஸ் போடுங்க. அது போட்டா ஔட்புட் ஃப்ரேம் ரேட்ட 50 ஆக்குங்க, 25லயே விட்டா பாதி அசைவு போயிரும், சட்டி ஆடுறது துள்ளித் துள்ளித் தெரியும். எச்டிஎம்ஐல பெரும்பாலும் இந்த வேலைய பாக்ஸே பண்ணிருக்கும், என் பேச்ச நான் மாத்திக்கல.

டவுன்ஹால் ரோடு சர்வீஸ்:
பாக்ஸ் மெனுல போயி ஆட்டோ ஸ்டாண்ட்பைனு ஒண்ணு இருக்கான்னு பாத்து ஆஃப் பண்ணுங்க. நாலு மணி நேரம் ரிமோட் தொடலைன்னா தானா தூங்கிப் போற பாக்ஸ் இருக்கு. அப்பா சட்டி எடுத்துகிட்டு வீதில வர்ற நேரத்துல பாக்ஸ் தூங்கிருச்சுன்னா மொத்த வேலையும் வீண். கம்ப்யூட்டர்லயும் ஸ்லீப்ப நெவர்னு வைங்க.

மேலூர் செல்வி:
ரெக்கார்டிங் ஃபார்மட் எம்கேவியாவே வைங்க அண்ணே. சாதா எம்பி4 போட்டு நடுவுல கரன்ட் போச்சுன்னா மொத்த ஃபைலும் திறக்காது, எம்கேவில கரன்ட் போன நிமிசம் வரைக்கும் இருக்கும். முடிஞ்சதும் ஓபிஎஸ்லயே ரீமக்ஸ் ரெக்கார்டிங்ஸ்னு இருக்கு, அதுல எம்பி4 ஆக்கிக்கலாம், குவாலிட்டி குறையாது. பிட்ரேட் (நொடிக்கு எவ்வளவு டேட்டா சேவ் ஆகணும்ங்குறது) 2500 போதும், மணிக்கு ஒண்ணேகால் ஜிபிக்குள்ள வரும். யூபிஎஸ் இருந்தா பாக்ஸையும் அதுலயே மாட்டுங்க, கம்ப்யூட்டர் மட்டும் ஓடி பாக்ஸ் அணைஞ்சா வெறும் கருப்புத்தான் ரெக்கார்ட் ஆகும்.

வைகை வடகரை:
எல்லாம் சரிப்பா. நான் இப்பவும் சொல்றேன், கூட நடக்குற சின்னப் பயலுக யாராவது ஒருத்தன் கையில செல்ல குடுத்து அப்பா முகத்தைக் கிட்ட இருந்து எடுக்கச் சொல்லு. கேபிள்காரன் கேமராவ கோயில் வாசல்ல நட்டு வச்சிருப்பான், உங்க அப்பா அதுல கடக்குறது ஒரு நிமிசம்தான்.

ஆனையூர் முத்து:
அதுவும் சரிதாண்ணே, சித்தப்பா பையன்ட்ட சொல்லிட்டேன், அவன் செல்லுல எடுப்பான். ஆனா தங்கச்சி கேக்குறது அப்பா முகம் மட்டும் இல்ல. தெருப் பொம்பளைங்க முளைப்பாரி தூக்கிட்டு வரிசையா வர்றது, கும்மி, கொட்டு, அந்த ராத்திரி பூராவும் வேணுமாம். யூபிஎஸ் மாட்டியாச்சு, ஸ்டாண்ட்பை ஆஃப் பண்ணியாச்சு, இன்னைக்கு ராத்திரி லோக்கல் சேனல்ல பழைய பாட்டு ஓடும், அத விடிய விடிய ரெக்கார்டுல விட்டுப் பாக்கப் போறேன். சவுண்டும் படமும் விலகுதான்னு காலைல பாத்துட்டு போடுறேன்.