'செயின் ஆஃப் கஸ்டடி'க்குத் தமிழ்?

அன்பர்களே,
விளையாட்டுச் சட்டப் பாடநூல் ஒன்றைத் தமிழாக்கி வருகிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகவேண்டும். சான்றுப் பொருள் எப்போது யார் கையில் இருந்தது என்ற தொடர் பதிவைக் குறிக்கும் 'செயின் ஆஃப் கஸ்டடி'யில் நிற்கிறேன். நூல் காட்டும் வழக்கு பேஸ்பால் வீரர் ரையன் பிரானுடையது. 2011 அக்டோபரில் எடுத்த சிறுநீர் மாதிரியில், ஊக்கமருந்தாகப் பயன்படும் டெஸ்டோஸ்டிரோன் மிகுந்திருந்தது. ஆனால் சேகரித்தவர் அதைச் சனிக்கிழமையே அனுப்பாமல் திங்கள்வரை வீட்டில் வைத்திருந்தார். முத்திரை குலையவில்லை. ஆயினும் 2012 பிப்ரவரியில் மேல்முறையீட்டை விசாரித்த நடுவர் ஷியாம் தாஸ் 50 ஆட்டத் தடையை நீக்கினார். 'காவல் சங்கிலி' பொருந்துமா?
– மொழிபெயர்ப்பாளர்

ஐயா, காவல் என்றதும் காவல்நிலையம்தான் நினைவுக்கு வரும். சங்கிலியோ வடமொழிச் சிருங்கலா. தொல்காப்பியர் 'ஓம்படைக் கிளவி' என்கிறாரே! ஓம்படை, காக்கும்படி ஒப்புவித்தல். ஒப்படை என்பதே ஓம்படையின் திரிபு என்பது என் துணிபு. விருந்தோம்பலிலும் இதே ஓம்புதான். 'ஓம்படைத் தொடர்' என்க.
– புலவர்

புலவர் ஐயா, ஒப்படையில் இருப்பது ஒப்பு, ஓம்பு அன்று. அது கிடக்கட்டும், என் வகுப்பில் ஓம்படை என்றால் ஒரு பிள்ளைக்கும் விளங்காது. 'கைமாற்றுத் தொடர்' எளிது.
– ஆசிரியை

அம்மா, எங்கள் பக்கம் கைமாற்று என்றால் பத்திரமில்லாமல் வாங்கும் கடன். இங்கே தேவைப்படுவது அதற்கு நேர்மாறு: யார், எப்போது வாங்கி, யாரிடம் கொடுத்தார் என்று ஒவ்வொரு கைக்கும் எழுத்தும் கையொப்பமும். நீதிமன்றத்தில் நாங்கள் கேட்பது 'அப்போது யார் பொறுப்பில் இருந்தது?' என்றுதான். 'பொறுப்புத் தொடர்' போதும்.
– வழக்கறிஞர்

சொல் இருக்கட்டும், தீர்ப்பு நியாயமா? 2013-இல், வீரர்களுக்கு ஊக்கமருந்து கொடுத்த பயோஜெனிசிஸ் மருத்துவ நிலையம் பற்றிய விசாரணையில் பிரான் 65 ஆட்டத் தடையை ஏற்றார். 2011-இல் மருந்து எடுத்ததையும் ஒப்புக்கொண்டார். மருந்து தொடாமல் ஆடியவர்களுக்கு என்ன பதில்?
– விளையாட்டு நிருபர்

அவர்கள் ஏமாற்றப்பட்டது உண்மை. ஆனால் மாதிரி வீட்டில் கிடந்தபோது பிரான் மருந்து எடுத்ததை யாரும் அறியார். நடைமுறை தளர்ந்தால் நாளை மருந்தே தொடாதவன் மாட்டிக்கொள்வான். அவனுக்கு வேறு அரண் இல்லை.
– வழக்கறிஞர்

வழக்கறிஞர் பக்கம் சாய்ந்து 'பொறுப்புத் தொடர்' என்றே அனுப்புகிறேன். அனைவருக்கும் நன்றி.
– மொழிபெயர்ப்பாளர்

பொறுப்பு மேலாளருக்கும் உண்டு, வகுப்புத் தலைவனுக்கும் உண்டு. 'காக்கக் கொடுத்தது' என்னும் பொருள் அதில் எங்கே? சொல்லடைவில் ஓம்படையையும் ஒரு வரி சேருங்கள்.
– புலவர்