25 சதவீதம் எதிலிருந்து கணக்கு? வியாழன் வாய்தா, அவசரம்

வெண்பனி (திங்கள், இரவு 11.10)
வணக்கம். வியாழக்கிழமை என் ஜீவனாம்ச வழக்கில் வாய்தா. கணவர் சம்பளம் 82 ஆயிரம். ஆனால் கையில் 28 ஆயிரம்தான் நிற்கிறது, அதில் 25 சதவீதம், அதாவது 7,000 தருகிறேன் என்று கவுன்ட்டரில் (பதில் மனுவில்) எழுதியிருக்கிறார். 25 சதவீதம் என்பது சட்டமா? மொத்தச் சம்பளத்தில் பார்ப்பார்களா, கையில் வருவதில் பார்ப்பார்களா? என் வக்கீல் இரண்டு நாளாக போனை எடுக்கவில்லை. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மணிமாறன்77 (இரவு 11.24)
25 சதவீதம்தான். உச்ச நீதிமன்றமே 2017ல் சொல்லியிருக்கிறது. 82 ஆயிரத்தில் கால் பங்கு 20,500. இதற்குக் குறைந்து ஒப்புக்கொள்ளாதீர்கள்.

தாழம்பூ (இரவு 11.40)
சகோதரி, பதில் சொல்ல இன்னும் சில விவரம் வேண்டும். குழந்தை இருக்கிறதா, என்ன வயது? நீங்கள் வேலைக்குப் போகிறீர்களா? இது தனி ஜீவனாம்ச மனுவா, விவாகரத்து வழக்கில் போட்ட இடைக்கால மனுவா? எல்லாவற்றுக்கும் மேலே, 82 எப்படி 28 ஆனது? சம்பளச் சீட்டில் என்னென்ன பிடித்தம் என்று எழுதுங்கள். விடை அங்கேதான் இருக்கிறது.

பழைய குமாஸ்தா (செவ்வாய், காலை 6.15)
மாதம் பத்துப் பேர் இதே கேள்வியோடு வருகிறார்கள். பத்துப் பேரும் குழந்தை உண்டா இல்லையா என்றுகூடச் சொல்வதில்லை. முப்பது வருடம் வக்கீல் அலுவலகத்தில் கட்டு தூக்கியவன் நான். வக்கீலிடமும் இப்படிப் பாதி சொன்னால் அவரும் பாதிதான் வாதாடுவார்.

மணிமாறன் தம்பிக்கு ஒன்று. தீர்ப்பின் பெயரைக் கேட்டால் போதாது, படிக்க வேண்டும். நீங்கள் சொல்வது கல்யாண் தே சௌத்ரி வழக்கு. அங்கே பேசியது நிகரச் சம்பளத்தில் 25 சதவீதம், மொத்தச் சம்பளத்தில் அல்ல. அதுவும் ஒரு அளவுகோலாகச் சொன்னது. அந்த வழக்கிலேயே கணவருக்குக் கையில் வந்தது 95,527 ரூபாய், கடைசியில் கொடுக்கச் சொன்னது 20,000. அவருக்கு மறுமணமாகி இன்னொரு குடும்பம் இருந்ததால் 23,000 என்றிருந்ததைக் குறைத்தார்கள். 20,000 என்பது கால் பங்குகூட இல்லை. சட்டப்புத்தகத்தில் எந்தச் சதவீதமும் எழுதியிருக்கவில்லை.

வெண்பனி (செவ்வாய், காலை 7.02)
மன்னிக்கவும், ராத்திரி பதற்றத்தில் எழுதிவிட்டேன். ஒரு மகன், 7 வயது, என்னோடு இருக்கிறான். பிரிந்து ஒன்றரை வருடம். விவாகரத்து வழக்கு இல்லை, ஜீவனாம்சம் மட்டும் குடும்ப நல நீதிமன்றத்தில் போட்டிருக்கிறோம், குற்றவியல் நடைமுறைச் சட்டம் 125 பிரிவு. ஒன்பது மாதம் ஆகிறது. அவர் தாக்கல் செய்த சீட்டில் பி.எஃப். 4,800, விருப்ப பி.எஃப். 10,000, சொசைட்டி கடன் 18,000, இன்சூரன்ஸ் 4,200. வங்கிக்கு வருவது 45,000. அதிலிருந்து வீட்டுக் கடன் தவணை 17,000 போகிறதாம். அப்படித்தான் 28.

பழைய குமாஸ்தா (காலை 7.20)
125 இல்லை அம்மா. 2024 ஜூலை 1 முதல் புதிய சட்டம், பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் பிரிவு 144. ஒன்பது மாத வழக்கு என்றால் 144 என்றுதான் இருக்க வேண்டும். மனுவை எடுத்துப் பாருங்கள்.

கடைசிப்படி (காலை 8.05)
125, 144 எல்லாம் எண் மாற்றம்தான், உள்ளே இருப்பது ஏறக்குறைய அதேதான். காலையிலேயே அவரை பயமுறுத்தாதீர்கள்.

வெண்பனி, என் அக்கா வழக்கில் நடந்ததை வைத்துச் சொல்கிறேன். மீதம் எவ்வளவு என்று பார்க்காதீர்கள், ஏன் பிடிக்கிறார்கள் என்று பாருங்கள். பி.எஃப். 4,800 கட்டாயப் பிடித்தம். வருமான வரி இருந்தால் அதுவும் அப்படித்தான். இவற்றைக் கழித்தது போகத்தான் நிகர வருமானம் என்று 1970லேயே குல்பூஷண் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் பார்த்திருக்கிறது. விருப்ப பி.எஃப். அப்படி இல்லை. அது அவர் தனக்கே சேர்த்துக்கொள்ளும் பணம். மகனின் சாப்பாட்டுக்கு இல்லை என்று சொல்லிவிட்டு மாதம் பத்தாயிரம் சேமிப்பில் போடுவதை எந்த நீதிபதியும் கேள்வி கேட்பார். ஆக 82,000 கழித்தல் 4,800, உங்கள் தொடக்கப் புள்ளி 77,200.

சொசைட்டி கடன் எப்போது வாங்கியது? வீடு யார் பெயரில்?

வெண்பனி (மதியம் 1.15)
சொசைட்டி கடன் நான் அம்மா வீட்டுக்கு வந்து இரண்டு மாதம் கழித்து வாங்கியது. வீடு மாமியார் பெயரில்.

கடைசிப்படி (மதியம் 1.22)
இதை முதல் வரியில் எழுதியிருக்க வேண்டும் சகோதரி! கடன் தேதியைப் பெரிய எழுத்தில் வக்கீல் கையில் கொடுங்கள். கடன் அவருடைய சொந்த முடிவு. மனைவி, பிள்ளையைப் பராமரிப்பது அதற்கு முன்னால் வருகிற கடமை.

மணிமாறன்77 (மதியம் 2.10)
சரி, அப்படியே 77,200ல் கால் பங்கு 19,300. நான் சொன்னதற்குப் பக்கத்தில்தான் வருகிறது.

தாழம்பூ (மதியம் 3.00)
மணிமாறன் சார், அந்தக் கால் பங்கு மனைவிக்கு மட்டுமா, பிள்ளைக்கும் சேர்த்தா என்பதிலேயே ஒவ்வொரு நீதிமன்றமும் ஒவ்வொரு விதமாகப் போகிறது. எனக்கு நியாயமாகப் படுவது பங்கு முறை. 2004ல் அனுரிதா வோரா வழக்கில் டெல்லி உயர் நீதிமன்றம் சொன்னது. குடும்ப வருமானத்தை ஒரே இடத்தில் சேர்த்து, சம்பாதிக்கும் கணவருக்கு இரண்டு பங்கு, மற்றவர்களுக்கு ஆளுக்கு ஒரு பங்கு. இங்கே நான்கு பங்கு. ஒரு பங்கு 19,300. உங்களுக்கும் மகனுக்கும் 38,600.

ஆனால் என் முதல் கேள்விக்கு நீங்கள் இன்னும் பதில் சொல்லவில்லை. வேலைக்குப் போகிறீர்களா?

வெண்பனி (மாலை 4.48)
ஒரு தனியார் பள்ளியில் 14,000. மனுவில் வருமானம் இல்லை என்று எழுதியிருக்கிறது. மனு போட்டபோது வேலை இல்லை, ஆறு மாதமாகத்தான் போகிறேன். சொன்னால் ஜீவனாம்சமே கிடைக்காது என்று எல்லோரும் பயமுறுத்துகிறார்கள்.

பழைய குமாஸ்தா (மாலை 5.05)
எல்லோரும் என்றால் யார்? அவர்கள்தான் வந்து கூண்டில் நிற்பார்களா? கவனமாகக் கேளுங்கள். 2020 நவம்பரில் ரஜ்னேஷ் நேஹா வழக்கில் உச்ச நீதிமன்றம் இரண்டு தரப்பும் சொத்து, வருமானம், கடன் விவரத்தைப் பிரமாணப் பத்திரமாகத் தர வேண்டும் என்று உத்தரவிட்டது. அவர் மட்டுமல்ல, நீங்களும். அதில் பொய் இருந்தால் அது தனிக் குற்றம். எதிர்த்தரப்பு வக்கீல் உங்கள் வங்கிக் கணக்கைக் கேட்டால் பள்ளிச் சம்பளம் வரி வரியாக நிற்கும். அதற்கப்புறம் சொசைட்டி கடன் தேதியைப் பற்றி நீங்கள் பேசுவதை யார் நம்புவார்கள்? வியாழக்கிழமைக்கு முன் வேலை விவரத்தைச் சேர்த்துத் தாக்கல் செய்யச் சொல்லுங்கள்.

தாழம்பூ (மாலை 5.30)
ஐயா சொல்வதுதான் சரி. பயப்படவும் வேண்டாம். சம்பாதிக்கிறார் என்பதற்காக மட்டும் மனைவியின் உரிமை போய்விடாது. அந்த வருமானம் கணவர் வீட்டில் வாழ்ந்த அதே தரத்தில் வாழப் போதுமா என்பதுதான் கேள்வி. மகன் பங்கு எப்படியும் தனி. கணக்கு மாறும், அவ்வளவுதான். 77,200 உடன் உங்கள் 14,000 சேர்த்தால் 91,200. நான்கு பங்கில் ஒன்று 22,800. உங்கள் இருவருக்கும் 45,600. அதில் 14,000 உங்கள் கையில் ஏற்கெனவே இருக்கிறது. அவர் தர வேண்டியது 31,600.

மாமியாரைப் பராமரிக்கிறேன் என்று அவர் சொன்னால் ஐந்து பங்கு. ஒன்று 18,240. இருவருக்கு 36,480, உங்கள் சம்பளம் போக 22,480. மாமியாருக்கு ஓய்வூதியம் ஏதாவது வருகிறதா என்று பாருங்கள், வந்தால் அந்த ஐந்தாவது பங்கு நிற்காது.

இது எந்த நீதிபதியையும் கட்டுப்படுத்தாது. ஆனால் 7,000 எவ்வளவு குறைவு என்று காட்ட உதவும்.

ஒற்றைப்பனை (இரவு 9.15)
எல்லோரும் கூட்டிக் கழித்து வாங்கச் சொல்லிக்கொடுக்கிறீர்கள். நான் கொடுக்கிற பக்கம். மூன்று வருடமாக மாதம் 15,000 கட்டுகிறேன். என் மகளைப் பார்த்து எட்டு மாதம் ஆகிறது. வேலைக்குப் போகும் பெண்ணுக்கு எதற்கு ஜீவனாம்சம்? பிள்ளையைக் காட்டாவிட்டால் நான் ஏன் கட்ட வேண்டும்? அடுத்த மாதம் நிறுத்திவிடலாம் என்றிருக்கிறேன்.

மணிமாறன்77 (இரவு 9.31)
நிறுத்துங்கள் சார். அப்போதுதான் இறங்கி வருவார்கள்.

கடைசிப்படி (இரவு 9.40)
மணிமாறன், தயவுசெய்து இப்படிச் சொல்லாதீர்கள். நிறுத்தினால் பிடிவாரண்ட் வரைக்கும் போகும். கட்டாத ஒவ்வொரு மாதத்துக்கும் ஒரு மாதம் வரை சிறை. உள்ளே இருந்துவிட்டு வந்தாலும் பாக்கி தீராது, பாக்கி பாக்கிதான்.

ஒற்றைப்பனை அண்ணா, எட்டு மாதம் பிள்ளையைப் பார்க்காமல் இருப்பது எவ்வளவு வலி என்று எனக்குத் தெரியும். என் அக்கா மகன் தன் அப்பாவைக் கேட்டுக் கேட்டு அழுததைப் பக்கத்தில் இருந்து பார்த்தவன். ஆனால் பணமும் பார்வையும் இரண்டு தனி உரிமை. இரண்டுமே பிள்ளையுடையது. பிள்ளையைப் பார்க்க அனுமதி கேட்டு மனு போட்டிருக்கிறீர்களா?

ஒற்றைப்பனை (இரவு 10.20)
இல்லை. வாய்வார்த்தையாகப் பேசி வைத்திருந்தோம். ஞாயிறுதோறும் என்று.

பழைய குமாஸ்தா (இரவு 10.34)
வாய்வார்த்தையை நீதிமன்றம் எப்படி அமல்படுத்தும்? விவாகரத்து வழக்கு நடந்திருந்தால் இந்து திருமணச் சட்டம் 26ல் போடலாம், இல்லையென்றால் காப்பாளர் சட்டத்தில். பணத்தை வங்கி வழியாகத் தவறாமல் கட்டிக்கொண்டே போடுங்கள். ஒழுங்காகக் கட்டுகிற தகப்பன் என்ற பதிவு உங்களுக்குத்தான் பலம். சம்பளம் குறைந்தாலும் நீங்களாக நிறுத்தக் கூடாது, தொகையை மாற்றக் கேட்டு மனு போட வழி இருக்கிறது. வேலைக்குப் போகும் பெண்ணுக்கு எதற்கு என்பதற்குத் தாழம்பூ மேலே பதில் எழுதிவிட்டார்.

ஒற்றைப்பனை (இரவு 10.50)
சரி ஐயா. நிறுத்தவில்லை. ஆனால் வங்கியில் கட்டுவதை மட்டும் பார்க்கிறார்கள், நான் வாங்கிக் கொடுத்த சைக்கிள், பள்ளிக் கட்டணம் எல்லாம் கணக்கில் வருவதில்லை.

தாழம்பூ (இரவு 11.05)
பள்ளிக் கட்டணத்தை நேராகப் பள்ளியில் கட்டி ரசீது வைத்திருந்தால் நீதிமன்றத்தில் காட்டலாம். உங்களுக்குத் தனி இழை தொடங்குங்கள் அண்ணா, அங்கே விரிவாகப் பேசுவோம்.

வெண்பனி, நாளை ஒரு நாள்தான் இருக்கிறது. மகனின் பள்ளிக் கட்டணம், வேன், மருந்து, வீட்டு வாடகையில் உங்கள் பங்கு, எல்லாவற்றையும் ரசீதோடு ஒரே தாளில் எழுதுங்கள். படிவம் 16ம் (சம்பளம், பிடித்த வரி பற்றி நிறுவனம் தரும் சான்று) வருமான வரிக் கணக்கும் அவர் தராவிட்டால் நிறுவனத்திடமிருந்து வரவழைக்க மனு போடலாம். இன்னொன்று, மனு தாக்கல் செய்த தேதியிலிருந்தே தொகை தர வேண்டும் என்று அதே ரஜ்னேஷ் தீர்ப்பு சொல்கிறது. அதை வக்கீல் வாயால் கேட்கச் சொல்லுங்கள். வக்கீல் இனியும் போனை எடுக்கவில்லை என்றால் 15100க்கு அழையுங்கள், இலவசச் சட்ட உதவி. பெண்களுக்கு வருமான வரம்பு கிடையாது.

வெண்பனி (புதன், இரவு 8.55)
வக்கீல் பேசினார். வேலை விவரம் சேர்த்துக் கையெழுத்துப் போட்டாயிற்று. நன்றி.

கடைசிப்படி (வெள்ளி, காலை 9.10)
என்ன ஆயிற்று?

தாழம்பூ (அடுத்த புதன்)
சகோதரி, இருக்கிறீர்களா?

வெண்பனி (ஐந்து வாரம் கழித்து)
இடைக்கால உத்தரவு வந்தது. மகனுக்கு 10,000, எனக்கு 8,000. மனு போட்ட தேதியிலிருந்து. சொசைட்டி கடனையும் விருப்ப பி.எஃப்.பையும் ஏற்கவில்லை. வீட்டுக் கடனைக் கொஞ்சம் கணக்கில் எடுத்தார்கள், மாமியார் அங்கே இருப்பதால். என் சம்பளத்தை மறைக்காததை நீதிபதி குறிப்பிட்டுச் சொன்னார். மகனுக்குக் காய்ச்சல், அப்புறம் எழுதுகிறேன்.

பழைய குமாஸ்தா (அன்று இரவு)
நல்லது அம்மா. உத்தரவின் சான்றிட்ட நகலுக்கு உடனே விண்ணப்பியுங்கள். பத்து மாதப் பாக்கி நிற்கிறது. இந்தப் பிரிவில் பாக்கியை வசூலிக்கும் மனுவை, தொகை சேர வேண்டிய நாளிலிருந்து ஒரு வருடத்துக்குள் போட்டாக வேண்டும். தருகிறேன் தருகிறேன் என்று அவர் சொல்வதைக் கேட்டு நாளைக் கடத்திவிடாதீர்கள். தேதியை இப்போதே குறித்துக்கொள்ளுங்கள்.